செலவில்லா ஞாயிறு: மும்பைத் தமிழர் ஓய்வுநாள் வரலாறு

பொருள்வயிற் பிரிதல் தமிழர்க்குப் புதிதன்று. பாலைத்திணைப் பாடல்களில் காடும் மலையும் கடந்து பொருள்தேடச் சென்ற தலைவன், இருபதாம் நூற்றாண்டில் பம்பாய் மெயிலில் ஏறித் தாதரில் வந்து இறங்கினான் எனலாம். அவன் இந்நகரில் எழுப்பியவற்றை நம் மலர்கள் பலகாலும் பாராட்டி வந்துள்ளன. 1932ஆம் ஆண்டில் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம், 1952இல் உருவான ஷண்முகானந்த சபை, 1963இல் நிமிர்ந்து நின்ற அதன் பேரரங்கம் ஆகியவற்றின் வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவர். ஆயின் ஆறு நாள் உழைத்த அத்தலைவன் ஏழாம் நாளை எங்ஙனம் கழித்தான் என்பதை எழுதினார் அரியர். காரணம் எளிது. கட்டடத்திற்குக் கல்வெட்டு உண்டு. நன்கொடைக்கு ரசீது உண்டு. காலணாச் செலவில்லாமல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ரசீது ஏது? கணக்கில் ஏறாதது வரலாற்றிலும் ஏறாமற் போயிற்று. அக்குறையைச் சிறிதேனும் நிரப்ப முயல்வதே இக்கட்டுரை.

செலவின்றி மகிழ்தல் அன்றைய நம்மவர்க்கு ஒரு கொள்கையாக இருந்ததில்லை. அது கட்டாயமாக இருந்தது. குமாஸ்தாவின் சம்பளமாயினும் தோல் பதனிடுவோனின் கூலியாயினும், அதில் ஒரு பங்கு மாதந்தோறும் மணியார்டராகத் தென்னாட்டிற்குச் சென்றது. பெற்றோர், தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், அடகு வைத்த நிலம் என அப்பங்கிற்குக் காத்திருந்தோர் பலர். எஞ்சியதில் வாடகையும் மெஸ் சாப்பாடும் ரயில் பாஸும் போக, ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே அந்நாளைக் காசில்லாமலே நிறைத்துக்கொள்ள நேர்ந்தது. நிறைத்தும் கொண்டார்கள். ஆயினும் அதற்கு இரண்டு பொருள்கள் இன்றியமையாதன: ஓய்வான ஒரு நாள், எவரும் சென்று அமரக்கூடிய ஓர் இடம். இவ்விரண்டும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. எவரோ போராடி நாளைப் பெற்றுத் தந்தனர். எவரோ கட்டாமல் விட்டதனால் இடம் கிடைத்தது. முதற்கண் நாளின் கதையைக் காண்போம்.

பண்டைத் தமிழகத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை ஓய்வு என்னும் ஏற்பாடு இருந்ததில்லை. ஆனால் ஓய்வு இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது, சுறாமீனின் கொம்பை நட்டுத் தெய்வம் தொழுது, உண்டும் ஆடியும் மகிழ்ந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கடலில் நீராடி, நண்டுகளை அலைத்து, மணலிற் பாவை செய்து அவர்கள் பகலெல்லாம் களித்தனர் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் கூறும்போது, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னைய ஒரு விடுமுறையை நாம் கண்ணெதிரே காண்கிறோம். அதில் காசு எங்கும் கைமாறவில்லை என்பது கருதத்தக்கது. மும்பைத் தீவுகளின் ஆதிக்குடிகளான கோலி மக்களும் ஆவணி முழுநிலாவன்று கடலுக்குத் தேங்காய் அளித்து நாரளிப் பூர்ணிமை கொண்டாடுகின்றனர். 1909ஆம் ஆண்டு வெளிவந்த பம்பாய் நகர அரசிதழ்த் தொகுதி, பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. நெல்லைச் சீமையினின்று வந்தவர்கள் குடியேறிய தாராவி இவ்வாறு பழம்பரதவர்க்கு உறவான ஒரு குலத்தின் ஊராக அமைந்தது, திட்டமிட்டு நேர்ந்ததன்று எனினும், எண்ண இனிதாயிருக்கிறது.

நிலவைப் பார்த்து ஓய்ந்த அவ்வாழ்வை ஆலைச் சங்கு மாற்றியது. பம்பாயின் முதற் பருத்தியாலைக்கு 1854இல் கால்கோளிடப்பட்டது. அடுத்த முப்பதாண்டில் ஆலைகள் பெருகின. தொழிலாளர் விடியலில் நுழைந்து இருட்டும்வரை நின்றனர். விளக்கில்லாத காலமாதலால் கதிரவனே கடிகாரம். கோடையில் பகல் நீண்டால் உழைப்பும் நீண்டது. விடுமுறை என்று ஒன்று வாய்த்தாலும் முற்பகலில் பொறிகளைத் துடைத்துக் கொடுத்துவிட்டே வீடு திரும்ப வேண்டும். 1881ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவர்க்கு மட்டும் மாதத்தில் நான்கு விடுமுறை அளித்தது. வளர்ந்தோரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்நிலையில்தான் நாராயண் மேகாஜி லோகாண்டே முன்வந்தார். 1848இல் பிறந்த இவர் மகாத்மா ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக சமாஜத்தைச் சார்ந்தவர். ‘தீனபந்து’ இதழின் ஆசிரியர். ஆலையொன்றின் பண்டகசாலையில் பணியாற்றியமையால் உள்நிலைமையை நேரில் அறிந்தவர். 1884இல் ஆலைத் தொழிலாளரைக் கூட்டி ஒரு விண்ணப்பம் எழுதுவித்தார். அதில் 5,500 பேர் ஒப்பமிட்டனர். கேட்டவை மிகச் சிறியவை: ஞாயிறு ஓய்வு, நண்பகலில் அரைமணி நேர இடைவேளை, காலை ஆறரை மணி முதல் பொழுது சாயும்வரை மட்டுமே வேலை, ஒவ்வொரு மாதமும் பதினைந்தாம் தேதிக்குள் கூலி. இவை உடனே கிடைத்துவிடவில்லை. 1890 ஏப்ரல் 24ஆம் நாள் மகாலட்சுமியில் நடந்த கூட்டத்திற்கு ஏறத்தாழ 10,000 தொழிலாளர் திரண்டனர். பெண்டிர் இருவர் மேடையேறிப் பேசினர். அக்காலத்தில் அது எத்துணை அரிய செயல் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலையுடைமையாளர் சங்கம் ஞாயிற்றுக்கிழமையை வார விடுமுறையாக ஏற்றது. மறுஆண்டுச் சட்டம் அதற்கு அரண் செய்தது.

ஞாயிறு என்பது ஆங்கிலேயரின் கோயில்நாள் ஆதலின் அவர்கள் நமக்குத் தாமே ஈந்த கொடை என்று பலர் எண்ணுகின்றனர். அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை அஃது ஓரளவு உண்மையே. ஆலைத் தொழிலாளிக்கோ அது கேட்டு, கூடி, ஆறாண்டு காத்துப் பெற்ற உரிமை. மராட்டிய உழவர் வழிபடும் கண்டோபா தெய்வத்துக்கும் ஞாயிறே உரிய நாள் என்பதால், அக்கோரிக்கை மக்கள் உள்ளத்தில் எளிதில் வேரூன்றியது. லோகாண்டே 1897இல் மறைந்தார். 2005இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளிவந்தது. ஞாயிறுதோறும் உறங்கி எழும் நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

நெல்லைச் சீமைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர். கூலி உயர்வோடு வார விடுமுறையும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. ஒன்பது நாளில் ஆலை நிருவாகம் இணங்கியது. தாராவிக்கு வந்த திருநெல்வேலியாருள் சிலரேனும் ஓய்வுநாளின் அருமையைப் பிறர் சொல்லாமலே அறிந்திருக்கக்கூடும்.

இனி இடத்தின் கதை. இது கொள்ளைநோயில் தொடங்குகிறது. 1896 செப்டம்பரில் மாண்ட்விப் பகுதியில் பிளேக் தோன்றியது. காற்றும் ஒளியும் புகாத சால்களே நோயின் இருப்பிடம் என்று கருதிய அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை நிறுவியது. அந்த டிரஸ்ட் நெருக்கமான குடியிருப்புகளை இடித்தது. வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் புதிய மனைகளை வகுத்தது. யானைகள் கட்டிய இடமாதலின் மாதங்கம் என்ற சொல்லினின்று மாட்டுங்கா வந்தது என்று ஒரு வழக்கு உண்டு. அந்த யானைக்கொட்டடி நிலம் நேரான சாலைகளும் மரவரிசைகளும் தாழ்ந்த மாடிகளும் கொண்ட புறநகராயிற்று. மஞ்செர்ஜி ஜோஷி என்னும் பார்சிப் பெருமகனார் டிரஸ்ட்டோடு பேசி நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்கென 103 மனைகளைப் பெற்றார். அக்குடியிருப்பின் அருகில் விடப்பட்ட வெற்றிடமே இன்றும் நாம் ஐந்து தோட்டம் என்று உரிமையோடு அழைக்கும் பஞ்ச உத்தியானம்.

காற்றுக்காக விடப்பட்ட அவ்வெற்றிடமே மாட்டுங்காத் தமிழர்க்கு ஞாயிற்றுக்கிழமைக் கூடமாயிற்று. வீடோ இரண்டு அறை. அதில் மாமனார், மாமியார், ஊரிலிருந்து வேலை தேடி வந்த மைத்துனன், பிள்ளைகள். பேசவேண்டிய பேச்சை வீட்டில் பேச இயலாது. ஆகவே புதுமணத் தம்பதியர் தோட்டத்து மரத்தடியில் பேசினர். ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஒரு பெஞ்சில் அமர்ந்து பழைய ஊரையும் புதிய அகவிலைப்படியையும் ஆராய்ந்தனர். வரன் பார்க்கும் பேச்சுகளும் அங்கே நிகழ்ந்தன. கையில் தூக்குச்சட்டி, அதில் வீட்டில் கட்டிய தயிர்சாதம். பிள்ளைகள் மெத்தை போன்ற புல்லில் உருண்டனர். மாலையில் ஆஸ்திக சமாஜத்தில் பஜனை, அதற்கும் கட்டணமில்லை, முடிவில் சுண்டலோ வெண்பொங்கலோ தொன்னையில் கிடைக்கும். பக்தி எத்துணை, பொங்கல் எத்துணை என்று பிரித்தறிவது பிள்ளைகளைப் பொறுத்தவரை இயலாத செயல்.

மழைக்காலத்தில் வேறொரு விருந்து காத்திருந்தது. 1948இல் தொடங்கிய காங்கா லீக் கிரிக்கெட் பந்தயங்கள் ஞாயிறுதோறும் நகரத்து மைதானங்களில், கொட்டும் மழைக்கு நடுவே, சேறும் புல்லும் மண்டிய தரையில் நடைபெற்றன. நாட்டுக்காக ஆடிய வீரர்களும் வெள்ளாடையில் சேறு தெறிக்க அங்கே ஆடினர். சீட்டு இல்லை, வேலி இல்லை. குடையோடு எல்லைக்கோட்டருகே நின்று, ஆட்டக்காரரினும் நன்றாக ஆட்டம் அறிந்தவர்போலத் தமிழில் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள் பலர். மாட்டுங்காவில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பைத்தியம் பிடித்ததற்குப் பள்ளிகள் பாதிக் காரணம் எனின், காசில்லாமல் பார்க்கக் கிடைத்த அந்த ஞாயிறுகள் மறுபாதிக் காரணம்.

வாசிப்பும் அவ்வாறே. விகடனும் கல்கியும் கலைமகளும் ரயிலில் வந்து சேரச் சில நாட்கள் தாமதமாகும். ஒருவர் வாங்கிய இதழ் மாடிக்கு மாடி ஏறி இறங்கிப் பத்துக் குடும்பத்தைக் கண்டு, தொடர்கதைப் பக்கங்கள் தனியே கத்தரிக்கப்பட்டு, பைண்டு செய்யப்பட்ட தொகுதியாகி மீண்டும் ஒரு சுற்றுக்குப் புறப்படும். தமிழ்ச் சங்கங்களின் நூலகங்கள் பல இவ்வகைத் தொகுதிகளாலேயே தொடங்கின என்று சொல்வது மிகையாகாது.

இதுகாறும் கூறியது இனிய பகுதி. இதே ஞாயிறு ஒரு கல் தொலைவில், ரயில் பாதைக்கு மேற்கே, வேறாக இருந்தது என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அடாது. டிரஸ்ட் இடித்த வீடுகளுக்கு ஈடாக ஏழைகளுக்குக் கட்டித் தந்தவை மிகக் குறைவு. நகரத்தார் அருகில் வேண்டாம் என்று ஒதுக்கிய தொழில்களும் மக்களும் விளிம்பிற்குச் சென்றனர். அவ்விளிம்பின் பெயர் தாராவி. 1887இல் தொடங்கிய படா மசூதியும் 1913இல் எழுந்த கணேசர் கோயிலும் அங்கே குடியேறியோரின் பழமைக்குச் சான்று. மாட்டுங்காவிற்கு ஐந்து தோட்டம் வகுத்த அந்நகரம் தாராவிக்கு ஒரு தோட்டமும் வகுக்கவில்லை. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுவந்த தமிழர் ஒருபுறம், தோல் பதனிட வந்த ஆதிதிராவிடரும் தமிழ் முஸ்லிம்களும் மறுபுறம் என்று அமைந்த அப்பிரிவினையில் ஊரிலிருந்து உடன்வந்த சாதியின் கை இருந்தது. இரண்டு தமிழகங்களுக்கும் இடையே ஒரு நடைபாலம்தான் தூரம். ஆயினும் பல்லாண்டுக் காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாலத்தைக் கடந்தோர் சிலரே.

தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்கு ஞாயிறும் தெரியாது, திங்களும் தெரியாது. பாந்திராவின் ஆட்டுத்தொட்டியிலிருந்து பச்சைத்தோல் வந்தால் அன்றே உப்பிட வேண்டும், இல்லையேல் கெட்டுவிடும். சட்டமும் அங்கே கைகொடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேரும், இல்லாத இடத்தில் இருபது பேரும் பணிபுரிந்தாலன்றிச் செல்லாததாக இருந்தது. தாராவியின் பட்டறைகள் பெரும்பாலும் அவ்வெண்ணுக்குக் கீழே நின்றன. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவோர்க்கு ஓய்வு என்பது தாமே தம் கூலியை வெட்டிக்கொள்வதாகும். லோகாண்டே பெற்றுத்தந்த ஞாயிறு தாராவியின் சந்துகளுக்குள் முழுதாக நுழையவே இல்லை. 1970களில் ஆட்டுத்தொட்டி தேவனாருக்கு மாறியபின் பதனிடும் தொழில் அங்கே குன்றியது. தைப்பும் பை செய்தலும் பெருகின. ஓய்வின் நிலை மட்டும் பெரிதும் மாறவில்லை.

எனினும் கிடைத்த அரைநாளை அவர்கள் விட்டுவிடவில்லை. தெருவே மைதானம், காரம்பலகையும் கபடியும் கட்டணமில்லாதவை. ஆளுநர் ஹார்ன் 1737இல் கட்டுவித்த சிறு கோட்டை காலா கில்லா என்ற பெயரில் தாராவிக்குள்ளேயே நிற்கிறது; வரலாற்றுச் சின்னம் என்று அறியாமலே தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் அதில் ஏறி விளையாடினர். மாலையில் அரசியற் கூட்டம். 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய்க்கு வந்து அண்ணல் அம்பேத்கரையும் ஜின்னாவையும் கண்டு உரையாடினார். அக்காலம் தொட்டே மேடைப் பேச்சு தாராவித் தமிழர்க்குக் கல்வியும் கலையுமாய் விளங்கியது. படிப்பகத்தில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்து கேட்டுக் கருத்துரைத்தனர். செலவில்லாப் பொழுதுபோக்கு என்று இதனை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கேட்டவர்க்கு அது பொழுதுபோக்கு மட்டுமன்று. தம் பிள்ளை பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்ற முடிவு பலருக்கு அங்கேதான் பிறந்தது.

பெண்டிரைப் பற்றியும் ஒரு சொல். மாட்டுங்காவாயினும் தாராவியாயினும் ஞாயிற்றுக்கிழமை என்பது அவர்க்குக் கூடுதல் வேலைநாளே. கணவரும் பிள்ளைகளும் வீட்டில் இருப்பர். எண்ணெய்க் குளியல் உண்டு. தண்ணீரோ குழாயில் வரும் நேரத்தில்தான் வரும். வாரம் முழுதும் தள்ளிப்போட்ட துணியும் அன்றைக்குத்தான் துவைக்கப்படும். தயிர்சாதம் தோட்டத்திற்குச் செலவின்றி வந்தது என்று மேலே எழுதினோம். அதைக் கட்டிய கையின் கூலி நம் கணக்கில் சேராதது, நம் கணக்கின் குறை.

அக்கால ஞாயிறுகளின் தனிச்சிறப்பு ரயில் பாஸ். அலுவலகம் செல்ல வாங்கிய மாதச் சீட்டு ஞாயிறன்றும் செல்லும். 1925 பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவிற்கு ஹார்பர் வழியே நாட்டின் முதல் மின்ரயில் ஓடியது. அப்பாதையே மாட்டுங்கா, செம்பூர்த் தமிழரைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்த்தது. பாஸ் வைத்திருந்தவர் காசின்றிக் கோட்டைப் பகுதிக்குச் சென்று, கேட்வேயின் அடியில் நின்று கப்பல் பார்த்து, மெரின் டிரைவின் மதிற்சுவரில் அமர்ந்து, மறையும் ஞாயிற்றைக் கண்டு திரும்பினார். பாஸ் அவருக்கு மட்டுமே. மனைவிக்கும் மக்களுக்கும் சீட்டு வாங்க வேண்டும். ஆகவே குடும்பம் நடந்து சென்றடையும் தோட்டத்திற்குப் போக, தனியாள் கடலுக்குப் போனார். மும்பை ஆடவர் கடலை நன்கறிந்தும் அவர்தம் மனைவியர் பலர் ஆண்டுக்கு ஒருமுறையே அதைக் கண்டதற்குக் காரணம் இச்சிறு கணக்கே.

செம்பூரின் கதை சற்றுப் பிந்தியது. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் போட்ட இருப்புப்பாதை குப்பை வண்டிகளுக்கானது. 1924இல்தான் பயணிகள் ஏறினர். பிற்காலத்தில் டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையமும் உரத் தொழிற்சாலையும் எண்ணெய் ஆலைகளும் எழ, படித்த தமிழ்க் குடும்பங்கள் செம்பூரை நாடின. அங்கே டயமண்ட் தோட்டமும் அம்பேத்கர் தோட்டமும் மாலைப்பொழுதுக்கு அமைந்தன. சேடா நகரில் எழுந்த முருகன் கோயில் திருச்செம்பூர் என்று பெயர் பெற்றது. திருச்செந்தூருக்கு ரயில்கட்டணம் இல்லாதார் படியேறி அங்கேயே கந்தவேளைக் கண்டனர்.

வாரஇறுதி என்னும் இன்றைய சொல்லும் செம்பூருக்கே முதலில் வந்தது எனலாம். 1985 ஜூனில் மத்திய அரசு அலுவலகங்களில் ஐந்து நாள் வாரம் நடைமுறைக்கு வந்தது. அணுசக்தித் துறையார்க்குச் சனிக்கிழமையும் விடுமுறையாயிற்று. மராட்டிய மாநில அரசு ஊழியர்க்கு அது கிட்ட 2020 பிப்ரவரி இறுதிவரை ஆயிற்று. வங்கியார்க்கோ 2015 முதல் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் கிடைத்தன. ஒரே கட்டடத்தில் ஒருவர்க்கு இரண்டு நாள் ஓய்வு, மற்றவர்க்கு ஒரு நாள், காவற்காரர்க்கு ஒன்றுமில்லை. இன்றைய வாரஇறுதியும் தரவாரியாகவே வழங்கப்படுகிறது.

பொதுவிடம் எல்லார்க்கும் பொது என்பது எப்போதும் உண்மையாக இருந்ததில்லை. தாதரின் சிவாஜி பார்க் 1925இல் திறக்கப்பட்டு 1927இல் சிவாஜியின் பெயரைப் பெற்றது. சற்றேறக்குறைய 28 ஏக்கர் வெளி, அருகில் கடல். தமிழ்க் குடும்பங்கள் அங்கும் மகிழ்ந்து உலவின. 1966 அக்டோபர் 30ஆம் நாள் அதே வெளியில் சிவசேனையின் முதற்பெருங்கூட்டம் கூடியது. அலுவலக வேலைகளைத் தென்னிந்தியர் கவர்ந்துகொண்டனர் என்ற குரல் அங்கிருந்து எழுந்தது. தொடர்ந்த ஆண்டுகளில் தென்னிந்தியர் உணவகங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. அந்த ஞாயிறுகளில் பலர் வேட்டியைத் தவிர்த்துக் கால்சட்டை அணிந்தனர். பொதுவிடத்தில் உரக்கத் தமிழ் பேசப் பிள்ளைகளைத் தடுத்தனர். நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்திற்கும் ஒரு விலை உண்டு, அது அச்சமின்மை. அவ்வச்சம் பின்னர்த் தணிந்தது. மராட்டியமும் தமிழும் கலந்து பேசும் நம் பிள்ளைகள் இன்று அங்கே பந்தடிப்பதைக் காணும்போது, அன்று ஊருக்குத் திரும்பாமல் நின்றவர்களின் பொறுமையை நினையாமல் இருக்க முடியவில்லை.

தொலைக்காட்சி வந்தபின் ஞாயிறு வீட்டுக்குள் புகுந்தது. 1972 அக்டோபர் 2ஆம் நாள் பம்பாய் நிலையம் தொடங்கியது. மாடிக்கு ஒரு பெட்டி. அதன்முன் மாடி முழுதும். 1987 ஜனவரி 25ஆம் நாள் தொடங்கிய ராமாயணத் தொடர் ஞாயிறு காலைகளில் தெருக்களை வெறுமையாக்கியது. நண்பகலில் மொழிவாரியாக முறைவைத்து மாநில மொழிப் படங்கள் வந்தன. தமிழின் முறை வரும் ஞாயிற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, வந்த படம் விருதுபெற்ற சோகப்படமாய் அமைய, வந்தவரெல்லாம் கண்ணீரோடு கலைந்த கதை பல வீடுகளில் உண்டு. கிங்ஸ் சர்க்கிள் அரோராவில் தமிழ்ப்படம் பார்க்கக் காசு வேண்டும். இதற்கோ அண்டைவீட்டாரின் முகமலர்ச்சி மட்டுமே வேண்டும்.

காசில்லாமல் மகிழ்வதும் காசில்லாமையும் ஒன்றல்ல. 1982 ஜனவரி 18ஆம் நாள் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் பங்குகொண்டனர். அது முறையாக முடித்துவைக்கப்படவே இல்லை. பரேலிலும் லால்பாகிலும் அக்குடும்பங்களுக்கு எல்லா நாளும் ஞாயிறாயிற்று. எந்நாளும் ஓய்வாக இல்லை. தோட்டத்து பெஞ்சில் வார நாட்களில் அமர்ந்திருந்த ஆடவரின் முகத்தை அக்காலத்தில் கண்டவர்கள் ஓய்வையும் வேலையின்மையையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

மூடிய ஆலைகளின் நிலத்தில் பின்னர் வணிக வளாகங்கள் எழுந்தன. நகரத்தின் முதல் வளாகங்களுள் ஒன்று 1999இல் திறந்தபோது, கைப்பேசியோ கடனட்டையோ இல்லாதாரிடம் நுழைவுக் கட்டணம் கேட்டது பெரும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அக்கட்டணம் நீங்கிவிட்டது. இன்று ஏழை நடுத்தரக் குடும்பங்களும் குளிர்ச்சிக்காக அவ்வளாகங்களில் உலவித் திரும்புகின்றனர். வாங்காமல் உலவுவதில் நம் முன்னோர் பெற்ற தேர்ச்சி வீண்போகவில்லை. ஆயினும் லோகாண்டே எந்த ஆலைகளிலிருந்து ஞாயிற்றை மீட்டாரோ அவ்வாலைகளின் மண்ணிலேயே இன்று ஞாயிறு விற்கப்படுகிறது என்பதை எண்ணினால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில், நகரத்துக் குப்பை கொட்டிய மேடு 1977இல் மூடப்பட்டது. 1983இல் பறவையியல் அறிஞர் சலீம் அலி அங்கே மரநடுகையைத் தொடங்கிவைத்தார். 1994இல் அது மராட்டிய இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சிறு கட்டணம் உண்டாதலின் நம் தலைப்புக்குள் முழுதும் அடங்காது. எனினும் தாராவிக்கு இந்நகரம் தந்த முதற்பெருந்தோட்டம் குப்பைமேட்டின்மேல் அமைந்தது என்பது குறிக்கத்தக்கது. 2020 மார்ச் இறுதியில் பெருந்தொற்றினால் எல்லாத் தோட்டங்களும் பூட்டப்பட்டன. ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் அடைந்திருந்த அவ்வாரங்களில், 1896இன் பாடத்தை நகரம் மறுமுறை படித்தது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஒப்பந்தப்புள்ளி அதானி குழுமத்துக்குச் சென்றது. எத்தனை சதுர அடி வீடு, யாருக்கு வீடு என்பதே அங்கே எழும் கேள்வி, அது முதன்மையானதே. அதனோடு, கட்டாமல் விடும் நிலம் எவ்வளவு, அதில் வாயிற்காவலன் கேள்வி கேட்பானா என்பவற்றையும் நம் சங்கங்கள் கேட்டு வைத்தல் வேண்டும்.

இவ்விரு தமிழகங்களையும் ஒருசேரக் காண விரும்புவோர் சயான் கோட்டைக் குன்றில் ஏறலாம். ஜெரால்ட் ஆஞ்சியர் ஆளுநராயிருந்த 1669-1677 காலத்தில், ஆங்கிலேயர் நிலத்துக்கும் போர்ச்சுகீசியர் நிலத்துக்கும் எல்லையாக எழுந்த கோட்டை அது. ‘சீவ்’ என்னும் மராத்திச் சொல்லுக்கு எல்லை என்பதே பொருள். ஏறக் கட்டணமில்லை. அடிவாரத்தில் நேரு தோட்டம்; உச்சியில் இடிந்த சுவர்களும் காற்றும். மேற்கே ரயில் பாதைக்கு அப்பால் தாராவியின் கூரைகள், தெற்கே மாட்டுங்காவின் மரங்கள், கிழக்கே செம்பூரும் டிராம்பே மலையும். மாலை ஐந்தரைக்கு மேல் வெயில் தணிந்துவிடும். தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுசெல்லலாம். செம்பூரிலிருந்து வருவோர் மட்டும், அந்த ஞாயிறு ஹார்பர் பாதையில் மெகா பிளாக் உண்டா என்று முன்னரே கேட்டறிந்து புறப்படுதல் நன்று.